‘கெய்யுன்’ ஒற்றை எஞ்சின் விமானமா, இரட்டையா, ஜெட்டா?

இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் ‘கெய்யுன்’ என்ற ஜப்பானிய விமானத்தின் பெயரில் வந்து ஒரு தடவையாவது தடுமாறியிருப்பார்கள். ஓரிடத்தில் அது ஒற்றை எஞ்சின் விமானம் என்று இருக்கும், இன்னோரிடத்தில் இரட்டை எஞ்சின். வீடியோ கேமில் பார்த்தவர்களைக் கேட்டால் அது ஜெட் என்று அடித்துச் சொல்வார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலோ மூக்கில் ஆறு தகடு கொண்ட ஒரே ஒரு புரொப்பெல்லர்தான் தெரியும்.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள். 1945 மே மாதம் சில நிமிடங்கள் மட்டுமே வானத்தில் இருந்த ஒரு சோதனை விமானத்தைச் சுற்றி இத்தனை குழப்பம் வர என்ன காரணம் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

பெயரில் உள்ள சங்கதி

இதன் முழுப் பெயர் யோகொசுகா ஆர்2ஒய் கெய்யுன். யோகொசுகா என்பது மிட்சுபிஷி, நகாஜிமா மாதிரி ஒரு கம்பெனி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது டோக்கியோ விரிகுடா ஓரத்தில் உள்ள கடற்படைத் தள நகரம். அங்கே கடற்படையே நடத்திய விமானத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அதைச் சுருக்கமாகக் ‘கூகிஷோ’ என்பார்கள். கம்பெனிகள் தயங்கும் வேலைகளைக் கூகிஷோ எடுத்துச் செய்யும். இலாப நட்டக் கணக்கு கிடையாது, அதனால் துணிச்சல் அதிகம். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்ய முடியுமா என்ற கவலை குறைவு.

ஆர்2ஒய் என்ற குறியீட்டை உடைத்தால் இப்படி வரும்:

1. ஆர்: தரைத்தளத்திலிருந்து கிளம்பும் வேவு விமானம்.
2. இரண்டு: அந்த வகையில் இரண்டாவது வடிவமைப்பு. முதலாவதான ஆர்1ஒய் காகிதத்தோடு நின்றுபோனது.
3. ஒய்: யோகொசுகாவில் வடிவமைக்கப்பட்டது.

‘கெய்யுன்’ என்றால் நல்ல சகுனமான மேகம். போரின் பிற்பகுதியில் ஜப்பானியக் கடற்படை தன் வேவு விமானங்களுக்கு மேகத்தின் பெயரை வைத்தது. சாயுன் என்றால் வண்ண மேகம், ஷியுன் ஊதா மேகம். குண்டுவீச்சு விமானங்களுக்கு நட்சத்திரப் பெயர்கள். கீழே வரப்போகும் ‘சூய்ஸெய்’ என்ற சொல்லுக்கு வால்நட்சத்திரம் என்று பொருள். அழகியலில் அவர்களுக்குக் குறை வைக்கத் தெரியாது.

வேவு பார்க்க வேகம் எதற்கு?

வேவு விமானம் குண்டு போடாது, சண்டைக்கு நிற்காது. போகும், பார்க்கும், படம் எடுக்கும், திரும்பி வந்து சொல்லும். இதில் சிரமமான பகுதி கடைசியில் உள்ள திரும்பி வருவதுதான்.

இலங்கையில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1942 ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து கிளம்பிய கேட்டலினா என்ற கடல் விமானம், கடற்படைத் தளபதி நகுமோ தலைமையில் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் படையைக் கண்டுபிடித்தது. விமானி கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பர்ச்சால். மணிக்கு 300 கிலோமீட்டர் தொடவே மூச்சு வாங்கும் விமானம் அது. துரத்தி வந்தவையோ 500 கிலோமீட்டரைத் தாண்டும் ஜீரோ சண்டை விமானங்கள். ரேடியோவில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்திவிட்டார்கள். பிழைத்தவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டபோது, பாதுகாப்புப் படைகளுக்கு முன்னெச்சரிக்கையாவது இருந்தது. செய்தி வந்து சேர்ந்தது, விமானம் வரவில்லை.

இரண்டு மாதத்தில் அதே நகுமோ இதே பாடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து படித்தார். ஜூன் 4 அன்று பசிபிக்கில் அமெரிக்காவோடு நடந்த மிட்வே போரில், ‘தோனே’ கப்பலின் வேவு விமானம் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. அதன் முதல் செய்தியில் பத்து எதிரிக் கப்பல்கள் என்று மட்டும் இருந்தது. அதில் ஒரு விமானந்தாங்கியும் இருக்கிறது என்ற செய்தி வர ஏறத்தாழ 50 நிமிடம் ஆனது.

அன்றைக்கு ‘ஸோர்யு’ கப்பலில் இன்னொரு வேவு விமானமும் இருந்தது. இன்னும் சோதனைக் கட்டத்தைத் தாண்டாத சூய்ஸெய். வேகமானது. அமெரிக்கக் கப்பல்களை அது பார்த்தும்விட்டது. ஆனால் ரேடியோ வேலை செய்யவில்லை! நேரில் சொல்லத் திரும்பி வந்தால், தான் கிளம்பிய ஸோர்யு எரிந்துகொண்டிருந்தது. ‘ஹிர்யு’வில் இறங்கி, எதிரியிடம் மூன்று விமானந்தாங்கிகள் இருப்பதைச் சொன்னார்கள். அந்தச் செய்தியின் பயன் பெரும்பாலும் அதற்குள் போய்விட்டிருந்தது. இந்த சூய்ஸெய்யைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சின்தான் கெய்யுன் கதையின் நடுப்புள்ளி.

எஞ்சினுக்குப் போகும் முன் வேகத்தின் கணக்கு ஒன்று. வேவு விமானம் பத்தாயிரம் மீட்டர் உயரத்தில், மணிக்கு 720 கிலோமீட்டரில் போகிறது என்று வைப்போம். கீழே இருக்கும் சண்டை விமானம் அந்த உயரத்துக்கு ஏறி வரக் கால் மணி நேரம் பிடித்தால், அதற்குள் வேவு விமானம் 180 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். துரத்துகிறவனைவிட வேகமாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, சமமாக இருந்தாலே போதும். சாயுன் விமானக் குழு ஒன்று “எங்களைப் பிடிக்கக்கூடிய கிரம்மன் கிடையாது” என்று செய்தி அனுப்பிய கதை ஜப்பானில் பிரபலம். சாயுனின் வேகம் ஏறத்தாழ 610 கிலோமீட்டர். கிரம்மன் கம்பெனியின் ஹெல்கேட் என்ற அமெரிக்க சண்டை விமானத்துக்கும் ஏறக்குறைய அதேதான்.

ஆனால் சமம் என்பது நிலைக்காது. எதிரி அடுத்த ஆண்டு அதைவிட வேகமான விமானத்தோடு வருவான். அதனால்தான் 1943ல் கடற்படை, சாயுனையும் தாண்டிய ஒரு வேவு விமானம் வேண்டும் என்று கேட்டது. ஷோவா மன்னர் ஆட்சியின் 18ஆம் ஆண்டு என்பதால் அந்தக் கோரிக்கைக்கு ‘18-ஷி’ என்று பெயர்.

610க்கும் 720க்கும் நடுவில்

110 கிலோமீட்டர் வித்தியாசம்தானே, எஞ்சினைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதாதா? போதாது.

1. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்பு அதன் இருமடியில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு.
2. தேவைப்படும் எஞ்சின் திறன், எதிர்ப்பையும் வேகத்தையும் பெருக்கி வருவது. எனவே அது மும்மடியில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு.
3. 610லிருந்து 720 என்றால் 1.18 மடங்கு. அதன் மும்மடி ஏறத்தாழ 1.64.
4. சாயுனின் எஞ்சின் 1,990 குதிரைத்திறன். அதை 1.64ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,260 வரும்.

உயரம், எடை, இறக்கைப் பரப்பு எல்லாம் மாறுவதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் கெய்யுனுக்குத் தேர்ந்தெடுத்த எஞ்சினின் திறனைப் பாருங்கள்: 3,400 குதிரைத்திறன். கூகிஷோக்காரர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பது புரியும்.

பிரச்சினை என்னவென்றால், அந்த அளவு திறனுள்ள ஒற்றை எஞ்சின் அன்று ஜப்பானிடம் இல்லை. இரண்டு எஞ்சினை வழக்கம்போல் இறக்கைக்கு ஒன்றாக மாட்டலாம். ஆனால் ஒவ்வொரு எஞ்சினும் காற்றில் ஒரு பானையை நிறுத்தி வைத்த மாதிரி எதிர்ப்பைக் கூட்டும். கூட்டிய திறனில் ஒரு பங்கை அந்தப் பானைகளே தின்றுவிடும்.

இரண்டையும் வயிற்றுக்குள் ஒளித்தால்?

இதற்கு ஜெர்மனியில் ஒரு பதில் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. ஹைன்கெல் 119 என்ற விமானத்தில் இரண்டு எஞ்சின்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, விமானத்தின் உடலுக்குள், விமானிகளுக்குப் பின்னால் வைத்தார்கள். இரண்டும் ஒரே கியர் பெட்டியில் சேர்ந்தன. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு முன்னால் மூக்கு வரை போய் புரொப்பெல்லரைச் சுழற்றியது. இருவர் உட்காரும் கண்ணாடி மூக்கில், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு குழாய்க்குள் அந்தத் தண்டு ஓடும். முழங்கைக்குப் பக்கத்தில் ஈராயிரத்துச் சொச்சம் குதிரைத்திறன் சுழன்றுகொண்டிருக்க விமானம் ஓட்டுவது எப்படி இருந்திருக்குமோ! 1937 நவம்பரில் ஒரு டன் சுமையோடு 1,000 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 505 கிலோமீட்டர் சராசரியில் கடந்து அது சாதனை செய்தது. ஜெர்மன் விமானப்படை அதை வாங்கவில்லை. ஜப்பான் 1940ல் இரண்டு விமானங்களை வாங்கியது.

கெய்யுன் இந்த யோசனையின் வாரிசு. 14 மீட்டர் நீள இறக்கை, 13 மீட்டர் நீள உடல், இருவர் கொண்ட குழு. விமானியின் அறை முன்னால், எஞ்சின் அதற்குப் பின்னால் உடலின் நடுவில். ஏறத்தாழ 4 மீட்டர் நீளத் தண்டு புரொப்பெல்லர் வரை போனது. இவ்வளவு திறனை மூன்று நான்கு தகட்டால் காற்றில் இறக்க முடியாது என்பதால் ஆறு தகடு. மூக்குக்கு அடியில் ஒரு சக்கரம், இறக்கைக்கு அடியில் இரண்டு. இன்றைய பயணிகள் விமானங்களில் நாம் பார்க்கும் அதே அமைப்பு அன்றைய ஜப்பானில் அபூர்வம். துப்பாக்கி எதுவும் கிடையாது. ஆக, வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றை எஞ்சின், உள்ளே எண்ணினால் இரட்டை.

காகிதத்தில் எல்லாம் பொருந்தியது. நடைமுறையில் இந்த அமைப்புக்கு மூன்று விலை உண்டு.

1. சூடு. சாதாரண விமானத்தில் எஞ்சின் மூக்கில் இருக்கும், காற்று தானாக வந்து அடிக்கும். வயிற்றுக்குள் புதைத்தால் காற்றைக் குழாய் வைத்து உள்ளே கொண்டுவந்து, சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டும். பூட்டிய அறைக்குள் இரண்டு அடுப்பை எரிப்பது மாதிரி.
2. நெருக்கம். இரண்டு எஞ்சினின் உள்பக்கப் புகைக்குழாய்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, இடுக்கில் சிவக்கச் சிவக்க இருக்கும். அங்கே கொஞ்சம் ஆயில் கசிந்தாலே தீ. இதே முறையில் இணைத்த எஞ்சின்களைக் கொண்ட ஹைன்கெல் 177 குண்டுவீச்சு விமானம், எதிரி சுடாமலே தானாகத் தீப்பிடிப்பதற்குப் பேர்போனது.
3. அதிர்வு. நீண்ட தண்டு லேசாக முறுகினாலோ நேர்கோடு தவறினாலோ அந்த அதிர்வு கியர் பெட்டிக்கும் தாங்கிகளுக்கும் (பேரிங்) போகும்.

அத்சுதா: சறுக்கலின் மூலம்

கெய்யுனின் எஞ்சினுக்கு ஹா-70 என்று பெயர். அது முழுக்கப் புதிதல்ல. நகோயாவில் உள்ள ஐச்சி நிறுவனத்தின் ‘அத்சுதா’ எஞ்சின் இரண்டை ஒட்டியது. மொத்தம் 24 சிலிண்டர். அத்சுதா என்பதோ ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் 601 எஞ்சினை உரிமம் வாங்கி ஜப்பானில் செய்தது. தண்ணீரால் குளிரவைக்கும் 12 சிலிண்டர் எஞ்சின்.

மிட்வேயில் பறந்த சூய்ஸெய்யின் பிற்கால உற்பத்தியில் இருந்தது இந்த அத்சுதாதான். ஒடுக்கமான மூக்கு, நல்ல வேகம். தளத்தில் பராமரிக்கிறவர்களுக்கு மட்டும் தலைவலி. ஜப்பானியக் கடற்படையின் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமானது காற்றால் குளிரும், சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த வட்ட எஞ்சின். ரேடியேட்டர், தண்ணீர்க் குழாய், நுணுக்கமாகக் கடையப்பட்ட பாகங்கள் என்று வரும் ஜெர்மன் எஞ்சினை, பசிபிக் தீவுகளின் புழுக்கத்திலும் மணலிலும் ஓடவைப்பது வேறு வேலை. கடைசியில் கடற்படை தன் கர்வத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, சூய்ஸெய்யின் பின்வந்த வகையில் அத்சுதாவை எடுத்துவிட்டு மிட்சுபிஷியின் ‘கின்ஸெய்’ வட்ட எஞ்சினை மாட்டியது.

தரைப்படையிலும் இதே கதை. அதே டைம்லர்-பென்ஸ் உரிமத்தைத் தரைப்படைக்காகத் தனியாக வாங்கியிருந்தது கவாசாகி. அந்த வழியில் வந்த எஞ்சின்கள் போதுமான அளவு கிடைக்காமல், எஞ்சின் இல்லாத கி-61 விமான உடல்கள் 275 தேங்கிப்போயின. 1945ல் அவற்றுக்கும் வட்ட எஞ்சினை மாட்டி கி-100 என்று பறக்கவிட்டார்கள். ஒரே எஞ்சினுக்கு இரண்டு படைகள் தனித்தனியாக உரிமக் காசு கட்டியதைப் பார்த்தால் அங்கே தரைப்படையும் கடற்படையும் எவ்வளவு ‘ஒற்றுமையாக’ இருந்தன என்று தெரியும்.

சரி, ஒரு அத்சுதாவை ஓடவைக்கவே படாதபாடு என்னும்போது இரண்டை ஒட்டி, ஒரு கியர் பெட்டியில் கட்டி, காற்றுப் புகாத வயிற்றுக்குள் வைத்தால்? கெய்யுனின் வடிவமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை என்பது என் எண்ணம். 3,400 குதிரைத்திறன் வேண்டும் என்ற கணக்கு சரி, இரண்டையும் உடலுக்குள் வைப்பதும் சரியான விடை. ஆனால் அந்த விடை நிற்பதற்கு நம்பகமான ஒரு தண்ணீர் எஞ்சின் அடிப்படை. இல்லாத அடித்தளத்தின்மேல் மாடி கட்டினார்கள்.

வேவு பார்க்க வந்தது யார்?

விமானம் வரைபடத்தில் இருக்கும்போதே போர் இடம் மாறிவிட்டது. 1944 ஜூலையில் பசிபிக் தீவான சைபன் அமெரிக்காவிடம் வீழ்ந்தது. அடுத்து தினியன், குவாம். தூரக் கடலில் எதிரிக் கப்பல்களைத் தேட வேண்டிய நிலை போய், எதிரி வாசலுக்கே வந்துவிட்டான்.

1944 நவம்பர் 1 அன்று சைபனிலிருந்து கிளம்பிய ஒரே ஒரு அமெரிக்க விமானம் டோக்கியோவுக்கு மேல் வந்து சாவகாசமாகப் படம் எடுத்தது. எஃப்-13, அதாவது கேமரா பொருத்திய பி-29. அதன் உயரம் பத்தாயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜப்பானிய சண்டை விமானங்கள் எழுந்து வந்தும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. எட்ட முடியாத உயரத்தில், பிடிபடாமல், படத்தோடு வீடு திரும்பும் வேவு விமானம். கெய்யுனிடம் எதிர்பார்த்தது இதைத்தானே?

பி-29 எஞ்சின்களும் ஆரம்பத்தில் தீப்பிடித்தவைதான். அதில் பலர் செத்தார்கள். ஆனால் அமெரிக்காவிடம் ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் இருந்தன. எரிவதைக் கழற்றி, திருத்தி, மறுபடி மாட்ட நேரமும் உலோகமும் இருந்தன. கெய்யுனுக்கு அந்த வசதி இல்லை.

தேவை மாறியதால் திட்டத்தைக் கைவிடும் பேச்சு வந்தது. அப்போது வடிவமைப்புக் குழு ஒரு மாற்று சொன்னது. இந்த உடலில் ஜோடி எஞ்சினுக்குப் பதில் இரண்டு ஜெட் எஞ்சின் வைத்து, 800 கிலோ குண்டு சுமக்கும் வேகத் தாக்குதல் விமானமாக்கலாம். ஆர்2ஒய்2, திருத்திய கெய்யுன். மூக்குச் சக்கரம் இருப்பதாலும் புரொப்பெல்லர் தேவையில்லை என்பதாலும் அந்த உடல் ஜெட்டுக்குத் தோதானது என்பதில் நியாயம் உண்டு. இந்த வாக்குறுதியால்தான் திட்டம் உயிர்பிழைத்தது. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த முதல் விமானத்தைப் பறக்கும் குணத்தைச் சோதிக்கும் மாதிரியாக முடித்துவிடச் சொன்னார்கள். வீடியோ கேமில் ஜெட்டாகப் பறப்பது இந்த வாக்குறுதிதான். அதற்காகக் குறிக்கப்பட்ட நெ-330 ஜெட் எஞ்சின் போர் முடியும்வரை பறக்கும் நிலைக்கு வரவேயில்லை.

கிசராஸுவில் சில நிமிடங்கள்

1945 ஏப்ரலில் முதல் விமானம் தயாராகி, டோக்கியோ விரிகுடாவின் எதிர்க்கரையில் உள்ள கிசராஸு தளத்துக்குப் போனது. மே மாதத்தில் கிளம்பியது. ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஆயிலின் சூடு வரம்பு மீறி ஏறியதால் உடனே திருப்பி இறக்க வேண்டியதாயிற்று.

ஆயில் சூடு என்பது விமானிக்கு வரும் முதல் எச்சரிக்கை. சூடேறினால் ஆயில் தண்ணியாகும். தண்ணியானால் தாங்கிகளில் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். உரசினால் இன்னும் சூடு. ஜோடி எஞ்சினில் இந்தச் சுழல் 24 சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில். பறந்தபடி காத்திருந்து பார்க்கும் விஷயமல்ல அது.

அப்புறம் தரையில் நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. எஞ்சினை மாற்ற வேண்டும் என்று முடிவானது. மாற்றி முடிப்பதற்குள் அமெரிக்கக் குண்டுவீச்சில் விமானமே அழிந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் முடிவு. இரண்டாவது விமானம் போர் முடிந்தபோது பாதியில் நின்றது. எனவே புத்தகங்களில் வரும் 720 கிலோமீட்டர் வேகம், 3,600 கிலோமீட்டர் தூரம் எல்லாம் வடிவமைப்பாளர்களின் கணக்கு. யாரும் அளந்து பார்த்ததில்லை.

அதே கிசராஸு ஓடுபாதையில், 1945 ஆகஸ்ட் 7 அன்று, ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த மறுநாள், கூகிஷோ உருவாக்கிய நெ-20 ஜெட் எஞ்சின் இரண்டோடு ‘கிக்கா’ என்ற சிறிய விமானம் எழுந்து சிறிது நேரம் பறந்து இறங்கியது. ஒவ்வொரு எஞ்சினின் உந்துவிசையும் 475 கிலோ. திருத்திய கெய்யுன் தன் ஒவ்வொரு எஞ்சினிடமும் கேட்டது 1,300 கிலோவுக்கு மேல்.